உப்பலில் பார்த்த வீடு

ரோகிணி குடியிருக்கப் போவது டப்ளினில். நாங்கள் வீடு பார்க்கப் போனது இங்கே உள்ளூரில் இருக்கிற உப்பலுக்கு.

சிரிக்காதீர்கள், நடந்ததைத்தான் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெட்டுகுடாவில் மெட்ரோ ஏறினோம். என் மாமனார் இளங்கோவன் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மாமியார் செல்லம்மா கல்யாணங்களுக்கு மட்டும் கட்டுகிற அரக்குப் பட்டு. என் கணவர் மணிவண்ணன் கையில் ஆப்பிளும் மாதுளையும் முந்திரி பிஸ்கட் டப்பாவும். பூ, தேங்காய், வெற்றிலை வைத்த பை என் மடியில். எதிரே உட்கார்ந்திருந்த தெலுங்கு அம்மாள் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெள்ளி சூபுலா?" என்று கேட்டே விட்டாள். பெண் பார்க்கப் போகிறீர்களா என்கிறாள். "காதம்மா, இல்லு சூட்டானிக்கி," என்றேன். இல்லை, வீடு பார்க்க. அவள் என் மாமியாரின் பட்டுப்புடவையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் இந்த வீட்டு மருமகள், சுமலதா. மெட்டுகுடாவில் ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். என் வாயைப் பற்றி லாலாகுடா ரயில்வே காலனியில் யாரை விசாரித்தாலும் சொல்வார்கள். ரோகிணி என் நாத்தனார், நர்ஸ். ஆஸ்பத்திரியில் ராத்திரி பகல் என்று மாற்றி மாற்றி நின்று, நடுவில் கிடைத்த நேரத்தில் இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்து, யார் கையையும் பிடிக்காமல் டப்ளினில் வேலை வாங்கினவள். அவள் கிளம்பிப் போனபோது காலனியே வாசலில் நின்றது.

போன இடத்தில் ஒரு சிக்கல். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆரம்பத்தில் கொஞ்ச நாள்தான் தங்க இடம் கொடுப்பார்களாம். அப்புறம் நாமே தேடிக்கொள்ள வேண்டும். இது என் மாமாவுக்குப் புரியவே இல்லை. அவருடைய அப்பா ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்வே வேலைக்கு இங்கே வந்தபோது குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். மாமா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்தபோது அவருக்கும் கொடுத்தார்கள். இந்தக் குடும்பத்தில் யாரும் வீடு தேடி ஒரு தெரு நடந்தது கிடையாது. வேலை என்று ஒன்று இருந்தால் அதன் பின்னாலேயே வீடு வரும், வெள்ளையடித்து, நம்பர் எழுதி.

"இன்னா ஆஸ்பத்திரி அது, குவார்ட்டர்ஸ் இல்லாத ஆஸ்பத்திரி?" என்றார் மாமா.

ரோகிணி கிளம்புவதற்கு முன்னால், நர்ஸுகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சியில் ஒரு வகுப்பு நடத்தியிருந்தார்கள், வெளிநாட்டில் இறங்கிய பிறகு எப்படி இடம் தேடுவது, எப்படிப் பத்திரமாக இருப்பது என்று. ரோகிணி வந்து சமையலறையில் உட்கார்ந்து என்னிடம் அப்படியே ஒப்பித்தாள். நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதே. அறைக்கதவு உள்ளேயிருந்து பூட்டுகிறதா என்று நீயே பூட்டிப் பார். சாவி உன் கையில் இருக்கட்டும். ஒப்பந்தத்தில் உன் பேர் இருக்கட்டும். நல்ல புத்தியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமா, தலையைத் திருப்பாமலே சொன்னார்: "அதெல்லாம் நாதியில்லாதவங்களுக்குச் சொல்றது. நமக்கு ஆளுங்க கீறாங்க."

ரோகிணி போய் இறங்கி, தேடி, தானாகவே ஒரு அறையைப் பிடித்தாள். அவளோடு வேலை பார்க்கிற கிரேஸ் என்கிற பிலிப்பைன்ஸ் நர்ஸ் இருக்கிற வீடு. நாலு அறை, நாலு பேர், ஒரு பொதுச் சமையலறை. வீடியோ காலில் எங்களுக்குச் சுற்றிக் காட்டினாள். "அண்ணி, இதப் பாரு," என்று கதவைச் சாத்தி, சாவியைப் போட்டு, கைப்பிடியை ஆட்டிக் காட்டினாள். திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு டிராமில் நேராகப் போய்விடலாமாம். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அப்புறம் சமையலறையைக் காட்டினாள். அங்கே அடுப்புக்கு முன்னால் அரைக்கால் சட்டையோடு ஒரு தாடிக்காரன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். பிரேசில்காரனாம், நாலாவது அறையில் இருப்பவனாம்.

அவ்வளவுதான். அத்தை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள்.

"ஆம்பளையோட ஒரே வூட்லயா? அதுவும் தொடையக் காட்டிக்கினு நிக்கறான்!"

"அவன் ரூம் வேற, இவ ரூம் வேற அத்தை. பூட்டு இருக்குல்ல," என்றேன்.

"உனக்கு இன்னாடி, நீ பேசுவ. காலனில தெரிஞ்சா அவளுக்கு நாளைக்கு ஒரு மாப்பிள்ள வருமா?"

இப்படித்தான் வைத்தியநாதனின் பெயர் வந்தது. மாமா வேலை பார்த்த ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மனாக இருந்து ஓய்வு பெற்றவர். நம்ம ஜனம், நம்ம ஊர்ப்பக்கம். உப்பலில் மாடி வைத்துச் சொந்த வீடு. இன்றைக்கும் அவரைப் பார்த்தால் மாமாவின் கை தானாகச் சட்டையின் மேல்பொத்தானுக்குப் போகும். அவருடைய ஒரே மகன் கிரி கொண்டாப்பூரில் ஐ.டி. வேலையில் இருந்தவன், இப்போது மனைவி ஹம்ஸினியோடும் சின்னக் குழந்தையோடும் டப்ளினில் இருக்கிறான். வீட்டில் ஒரு சின்ன அறை சும்மாதான் கிடக்கிறதாம். வேறென்ன வேண்டும்? பட்டுப்புடவையை எடு, பழம் வாங்கு, உப்பலுக்குக் கிளம்பு.

உப்பல் வீட்டை என் மாமனார் மாமியார் பார்த்த அழகைச் சொல்ல வேண்டும். மாமா வராந்தாத் தூணை முட்டிவிரலால் தட்டிப் பார்த்தார். குழாயைத் திறந்து தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தார். அத்தை பூஜையறையைப் பார்த்து, குளியலறையைப் பார்த்து, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த கிரியின் பட்டமளிப்புப் போட்டோ முன்னால் கைகூப்பாத குறையாக நின்றார்கள். வைத்தியநாதனின் மனைவி வசந்தகுமாரி பகாரா சாதமும் எண்ணெய்க் கத்திரிக்காயும் பரிமாறினார்கள். கை மணக்கிற சமையல், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"எவ்ளோ சுத்தமா வச்சிருக்காங்க வூட்ட," என்று அத்தை என் காதில் சொன்னார்கள். "நம்ம ரோகிணி குடுத்து வச்சவ."

ரோகிணி இந்த வீட்டில் ஒரு நாள்கூடப் படுக்கப் போவதில்லை என்பது அங்கே யாருக்கும் ஞாபகமே இல்லை. என்னால் சும்மா இருக்க முடியுமா?

"டப்ளின்ல ரோகிணிக்குக் குடுக்கற ரூம் எப்படி மாமா? உள்ள தாழ்ப்பா இருக்கா?" என்று வைத்தியநாதனிடம் கேட்டேன்.

மேஜைக்கடியில் என் கணவர் என் காலை மிதித்தார். வைத்தியநாதன் ஒரு நொடி முழித்துவிட்டுச் சிரித்தார்.

"தாழ்ப்பா கைக்கும்மா, எதுக்கு? அண்ணன் வீடு மாதிரி. அண்ணன் வீட்ல தங்கச்சி தாழ்ப்பா போட்டுக்கிட்டா படுக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டேன். என் கல்யாணத்துக்கு முன்னால் என் அம்மா அப்பாவும் இப்படித்தான் லாலாகுடா குவார்ட்டர்ஸைப் பார்த்துவிட்டு வந்து, வாசலில் வேப்பமரம் இருக்கிறது, தண்ணீர் எந்நேரமும் வருகிறது என்று ஒரே புகழ்ச்சி. அந்த வீட்டில் ஒரே அறைக்குத்தான் கதவு உண்டு என்பதை நான் வந்துதான் தெரிந்துகொண்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் வைத்தியநாதன் எங்களை மாடிக்கு அழைத்துப் போனார். மேல் போர்ஷன் காலியாக இருந்தது. இரண்டு படுக்கையறை, நல்ல காற்று. மாமாவின் ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். என் கணவருக்கு உப்பலில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை, ரயில்வே இல்லை. அந்தக் கவலையில் மாமா இரண்டு வருஷமாகத் தூங்கியதில்லை. வாடகை வீட்டுப் பேச்சை எடுத்தாலே அவருக்கு மூச்சு வாங்கும்.

"இளங்கோ, நீ மேல வந்துடு," என்றார் வைத்தியநாதன். "வாடகை கெடக்குது, உன்னால ஆனதக் குடு. உன் பொண்ணு அங்க என் பையனோட. நீ இங்க என்னோட. ஒரே குடும்பம் ஆயிடுவோம்."

மாமாவின் கண் கலங்கிவிட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "சார், சார்" என்று நின்றார். அந்த நிமிஷத்தில் எனக்கும் அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

ரோகிணிக்கு அன்றைக்கே போன் போட்டுச் சொல்லியாயிற்று. அவள் அழுதாள், கத்தினாள். "அப்பா, நீங்க பாத்தது அவங்க அப்பா வீடுப்பா!" என்றாள். நியாயமாகத்தான் கேட்டாள். "குடும்பத்தப் பாத்தாப் போதும்மா, கட்டடத்தையா பாப்பாங்க?" என்றார் மாமா. தூணைத் தட்டிப் பார்த்த மனுஷன் பேசுகிற பேச்சா இது! கடைசியில் அத்தை சாப்பிடாமல் படுத்துக்கொண்டதும் ரோகிணி ஒத்துக்கொண்டாள். கிரேஸ் வீட்டு அறை வேறு யாருக்கோ போய்விட்டது.

கிரி வீட்டில் அவளுக்குக் கிடைத்தது மாடிப்படி ஓரத்தில் ஒரு சின்ன அறை. கட்டிலைப் போட்டால் மிச்சம் இருக்கிற இடத்தில் ஒரு மேஜை, அதில் இரண்டு பெரிய கம்ப்யூட்டர் திரைகள், ஒரு சுழல் நாற்காலி. எல்லாம் கிரியுடையவை. அவன் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். அந்த அறைதான் அவனுக்கு ஆபீஸ். ஹம்ஸினி காலையில் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாள். ரோகிணி சமைக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும், குழந்தையைக் கூப்பிட்டு வர வேண்டும். அதைப் பற்றியெல்லாம் அவள் குறை சொல்லவில்லை. வாடகையும் கொடுத்தாள்.

அவளுக்கு ராத்திரி டியூட்டி. காலையில் வந்து படுத்தால்தான் தூக்கம். ஒரு நாள் கண் விழித்தால் அறைக்குள் கிரி உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"நீ தூங்கும்மா, நான் சத்தம் போட மாட்டேன்," என்றானாம்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட உட்காரும் நேரத்தில் ரோகிணி போன் செய்வாள். அன்றைக்கு அவள் குரலில் என்னவோ சரியில்லை. சொல்லச் சொன்னேன், சொன்னாள். "மேஜைய வெளிய எடுக்கச் சொல்லுடி," என்றேன். கேட்டுப் பார்த்தாளாம். ஒயர் எல்லாம் அங்கேதான் வருகிறது என்றானாம். தாழ்ப்பாளாவது போட்டுத் தரச் சொல்லியிருக்கிறாள். வாடகை வீடு, ஓனர் ஒரு ஆணி அடிக்க விடமாட்டார் என்றானாம். ஹம்ஸினியிடம் சொன்னால், "அவர் அவரோட வேலையத்தானே பாக்கறார்?" என்று கேட்டுவிட்டு அவள் மாடிக்குப் போய்விட்டாளாம்.

மாமாவிடம் நான்தான் சொன்னேன். கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

மாமா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "ஆபீஸ் வேலதானே பாக்குறான். தொட்டானா, பேசினானா?"

"தூங்கற பொண்ணு பக்கத்துல எதுக்கு உக்காரணும் மாமா?"

"உள்ளூர்ல வேல பாக்கற உனக்கு அதெல்லாம் தெரியாது. அங்கெல்லாம் எடம் கம்மி."

அத்தை மட்டும் போனை வாங்கி மகளிடம் பேசினார்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு தூங்கு என்றார்கள்.

அதற்கடுத்த வாரம் ரோகிணி கூப்பிட்டபோது அவள் வீட்டில் இல்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள், பின்னால் மழைச் சத்தம். டியூட்டி முடிந்து வந்து படுத்திருக்கிறாள். காலில் ஏதோ ஊர்வது போல இருக்க, முழித்திருக்கிறாள். கட்டில் ஓரத்தில் கிரி உட்கார்ந்திருக்கிறான். அவன் கை அவள் முழங்காலில் இருக்கிறது.

"போர்வ வெலகியிருந்துச்சு. போத்தி விட்டேன்," என்றானாம். பதறவும் இல்லையாம். எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டானாம்.

"அண்ணி, நான் அங்க திரும்பப் போகல," என்றாள். போனை ஸ்பீக்கரில் போட்டேன். கேட்கட்டும், எல்லோரும் கேட்கட்டும் என்று போட்டேன்.

கேட்டார்கள். கூடத்தில் பாதி சாமான் அட்டைப் பெட்டிகளில் கட்டியாகிவிட்டது. மாமாவுக்கு மாலை போட்டு, ஷாப்பில் எல்லோரும் கூட நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, வழியனுப்பி வைத்துவிட்டார்கள். உப்பல் மாடிக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். என் கணவர் அட்டைப் பெட்டியின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். மாமாதான் பேசினார், ரொம்ப மெல்ல, கெஞ்சுகிற மாதிரி.

"இல்லம்மா ரோகிணி... இந்த நேரத்துல ஒண்ணும் பெருசு பண்ணாத. போர்வதானே போத்துனாரு. நீ ஒண்ணு பண்ணு. படுக்கும்போது கதவுக்கு ஒரு நாற்காலிய முட்டுக் குடுத்துக்க. போதும்."

"அப்பா, அது சக்கரம் வச்ச நாற்காலிப்பா. அதுவும் அவரோடது," என்றாள் ரோகிணி.

அப்புறம் போனை வைத்துவிட்டாள். நான் என் கணவரைப் பார்த்தேன். "உன் தங்கச்சிதானே? ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?" என்று கேட்டேன். "ரெண்டு மாசம் அங்கயே ஒட்டிக்கட்டும் சுமா, இவ்ளோ பேரும் இப்போ நடுத்தெருவுல நிக்க முடியுமா?" என்றார். அன்றைக்கு அவர் தட்டில் நான் சோறு போடவில்லை. தானே போட்டுக்கொண்டார்.

ரோகிணி ஒட்டவில்லை. அன்றைக்கே கிரேஸுக்குப் போன் செய்திருக்கிறாள். வீட்டில் அறை காலி இல்லை. "என் அறையில் பாதி உனக்கு," என்று சொல்லிவிட்டாளாம் அந்தப் புண்ணியவதி. கிரி வீட்டிலிருந்து பெட்டியை எடுத்துவரக் கூட வந்தவன் யார் தெரியுமா? அந்தத் தாடிக்காரன்தான். வாசலில் நின்றானாம், உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தானாம். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லையாம். வீடியோவில் ரோகிணி தரையில் போட்ட மெத்தையைக் காட்டினாள். கிரேஸ் அவளுக்கென்று சாவி ஒன்று செய்து கொடுத்திருந்தாள். அதையும் காட்டினாள்.

மறுநாளே உப்பலிலிருந்து மாமாவுக்குப் போன். உன் பெண் யாரோ ஆம்பிளைகளோடு போய்த் தங்கிவிட்டாள், என் மகன் தலைகுனிந்து நிற்கிறான் என்று. மாமா சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். என் கணவர் கூடப் போனார், அவர்தான் வந்து சொன்னார். வைத்தியநாதன் வீட்டு வராந்தாவில் நின்றுகொண்டே மாமா பேசினாராம். "சின்னப் பொண்ணு சார். புத்தியில்ல. மன்னிச்சிருங்க," என்றாராம். வைத்தியநாதன் பெருந்தன்மையாக மன்னித்தாராம். வெள்ளையடிப்பு நிற்கவில்லை.

இதையும் ரோகிணியிடம் சொன்னேன். அப்பா என்ன சொன்னார் என்று அவள் கேட்டாள், நான் மறைக்கவில்லை.

"அவங்களுக்கு வீடு வேணும்ல அண்ணி," என்றாள்.

நல்ல நாள் பார்த்து உப்பல் மாடியில் பால் காய்ச்சினோம். வைத்தியநாதனும் வசந்தகுமாரியும் தட்டில் பழம் வைத்து எடுத்து வந்தார்கள். சாமான்கள் இறங்கிக்கொண்டிருந்தன. மாமா ஒவ்வொரு அறையாகப் போய் விளக்கைப் போட்டு அணைத்து, ஜன்னலைச் சாத்தித் திறந்து பார்த்தார். எனக்கும் என் கணவருக்கும் ஒதுக்கிய அறையின் கதவை உள்ளேயிருந்து சாத்தியவர், வெளியே வந்து குரல் கொடுத்தார்.

"சார், இந்தக் கதவுல தாழ்ப்பா விழமாட்டேங்குது. ஓட்ட ஒரு பக்கம் போவுது, கம்பி ஒரு பக்கம் போவுது. மருமக இருக்கற ரூமு. தாழ்ப்பா இல்லாம எப்படி?"

"ஹவ் ஹவ், ஆமா, நியாயம்தான்," என்றார் வைத்தியநாதன். "கீழ கார்பென்டர் இருக்கான், கூப்பிடறேன். இப்பவே புதுசா போட்டுடுவோம். பாதுகாப்பு முக்கியமில்ல?"

பாதுகாப்பு. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது. பாலை டம்ளர்களில் ஊற்றிக்கொண்டிருந்த நான் கரண்டியைக் கீழே வைத்தேன். இத்தனை நாள் கூடத்தில் சொல்லிச் சொல்லி யார் காதிலும் ஏறாதது எல்லாம் நெஞ்சுக்குள் திரண்டு வந்தது. கார்பென்டர் பையோடு படியேறி வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றான்.

"நக்கோ மாமா, வேணாம்," என்றேன். "ஆணியெல்லாம் எதுக்கு? படுக்கும்போது ஒரு நாற்காலிய முட்டுக் குடுத்துக்கறேன். போதும்."

மாமாவின் கை மேல்பொத்தானுக்குப் போனது. என் கணவர் "சுமா" என்றார். வைத்தியநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நாற்காலி கைக்கும்மா?"

"எங்க ரோகிணிக்கு டப்ளின்ல தாழ்ப்பா இல்ல. நாற்காலி போதும்னு மாமாதான் சொன்னார். அவளுக்குப் போதும்னா எனக்கும் போதும்."

இவ்வளவுதான் சொன்னேன். இதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வசந்தகுமாரிதான் பழத்தட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார்கள்.

"நல்ல நாளும் அதுவுமா ஏம்மா இத எடுக்கறே? போர்வ வெலகிக் கெடந்துச்சு, புள்ள போத்தி விட்டான். அது ஒரு குத்தமா? நான்தான் கேட்டேன் அவன, ஏன்டா அவ கட்டில்ல போய் உக்காந்தேன்னு. மனசுல ஒண்ணும் இல்லம்மான்னு சத்தியம் பண்ணான்."

போர்வையைப் பற்றி அங்கே நான் பேசவே இல்லை. கட்டிலைப் பற்றி மாமா அவர்களிடம் மூச்சு விட்டதில்லை. எல்லாம் தெரிந்துதான் இந்த அம்மாள் அந்த வராந்தாவில் மாமாவின் மன்னிப்பை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாமாவுக்கும் அது புரிந்துவிட்டது. அவர் வசந்தகுமாரியைப் பார்த்தார், வைத்தியநாதனைப் பார்த்தார். வைத்தியநாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதாவது வாயைத் திறப்பார் என்று நினைத்தேன். சாமானை மறுபடி வண்டியில் ஏற்று என்பார், அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவர் காலில் விழுந்திருப்பேன். படிக்கட்டில் பீரோவைத் தூக்கிக்கொண்டு நின்ற ஆட்கள், எங்கே வைக்கட்டும் என்று தெலுங்கில் சத்தம் போட்டார்கள்.

மாமா கார்பென்டர் பக்கம் திரும்பினார்.

"நீ போடுப்பா," என்றார்.

டிரில் சத்தம் கேட்கத் தொடங்கியது. யாரும் பேச வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. வைத்தியநாதன் தம்பதி பாலைக் குடித்துவிட்டுக் கீழே போனார்கள். கார்பென்டர் நல்ல கனமான பித்தளைத் தாழ்ப்பாளாகப் போட்டான், மரத்தூளைக்கூட அவனே கூட்டி அள்ளினான்.

அவன் போனதும் அத்தை என் கையைப் பிடித்து அந்த அறைக்குள் இழுத்துப் போனார்கள். கதவைச் சாத்தி, புதுத் தாழ்ப்பாளைப் போட்டார்கள். போட்டுவிட்டு, அதன்மேலேயே நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார்கள்.

"எம்பொண்ணு தரையில படுத்துக்கினு கீறாடி," என்றார்கள். "தரையில."

தரையில்தான், ஆனால் பூட்டிய கதவுக்குப் பின்னால் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. எனக்கு அவர்கள்மேல் இரக்கமும் வரவில்லை.

வெளியேயிருந்து மாமா கதவைத் தட்டினார்.

"இன்னா, சரியா விழுதா?"

அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

"விழுது," என்றார்கள்.